அந்தப் பையன் என்ன செய்தான்?



இன்று மாலை உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தொலைபேசி அழைப்பின் கதை. ஒரு பையன் செய்த குறும்பு அவனை எங்கே கொண்டுபோய் விட்டது, அவனுடைய அம்மா கேட்ட ஒரு கேள்வி ஒரு நாட்டின் சட்டத்தையே எப்படி அசைத்தது என்ற கதை. நடந்தது அமெரிக்காவில். நடந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டது. ஆனால், பிள்ளை பெற்ற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழந்தை தப்புச் செய்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், "இவனை என்ன செய்யலாம்?" என்று கேட்பதற்கு முன்னால், "இவன் என்ன செய்தான்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி தண்டனைக்கான கேள்வி. இரண்டாவது நீதிக்கான கேள்வி. நீதிக்கான கேள்வியைத் தாண்டிக் குதித்துத் தண்டனைக்குப் போகும் பழக்கம் நம் வீட்டிலும் இருக்கிறது, பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது, காவல் நிலையத்திலும் இருக்கிறது. அமெரிக்காவிலோ, ஒரு நீதிமன்றத்திலேயே இருந்தது.

அரிசோனா மாநிலத்தில் குளோப் என்று ஓர் ஊர். செப்புச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த சின்ன ஊர். அந்த ஊரில் ஜெரால்டு கால்ட் என்று 15 வயதுப் பையன். அரும்பு மீசை முளைக்கிற வயது. அப்பாவுக்கும் வேலை, அம்மாவுக்கும் வேலை. 1964ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி, திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஜெரால்டையும் அவன் கூட்டாளி ஒருவனையும் ஷெரிஃபின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

எதற்காக? பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். யாரோ பையன்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ஆபாசமாகப் பேசினார்கள் என்பது புகார். என்ன பேசினார்கள்? விடலைப் பையன்கள் கூடிக்கொண்டு, தங்களுக்குள் சிரித்துக்கொண்டு பேசுகிற அசிங்கமான பேச்சு. அது தப்பா? தப்புதான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. தன் வீட்டில் தன் பாட்டுக்கு இருந்த ஒரு பெண்ணின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. அவர் மனம் புண்பட்டது. அவர் புகார் கொடுத்ததிலும் தவறில்லை. குறும்பு என்று நாம் சொல்வது எப்போதும் குறும்பாகவே மற்றவருக்குப் படாது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால், அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா வேலை முடிந்து வீடு திரும்புகிறார். பையனைக் காணோம். வீட்டில் ஒரு சீட்டு இல்லை, ஒரு தகவல் இல்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூத்த மகனை அனுப்பித் தேடச் சொல்கிறார். அவன் ஜெரால்டின் கூட்டாளி வீட்டுக்குப் போகிறான். அந்த வீட்டார் சொல்லித்தான், தம்பியைச் சிறார் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே அவனுக்குத் தெரிகிறது. அம்மா அங்கே ஓடுகிறார். காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் நன்னடத்தை அலுவலர் காரணத்தைச் சொல்லி, "நாளைக்கு மூன்று மணிக்கு விசாரணை" என்கிறார். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் தாய்மார்கள் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இருந்ததாகவே யாரும் நினைக்கவில்லை!

மறுநாள் ஜூன் 9. விசாரணை எங்கே நடந்தது? நீதிபதியின் அறையில். ஜெரால்டு இருந்தான். அம்மா இருந்தார். அண்ணன் இருந்தான். நன்னடத்தை அலுவலர்கள் இருவர் இருந்தார்கள். அப்பா வெளியூரில் வேலையில் இருந்தார். புகார் கொடுத்த அம்மாள் வந்தாரா? வரவில்லை. யாராவது சத்தியப் பிரமாணம் எடுத்தார்களா? எடுக்கவில்லை. யாராவது எழுதி வைத்தார்களா? எழுதி வைக்கவில்லை. அலுவலர் ஒரு மனுவைத் தாக்கல் செய்திருந்தார். அந்த மனுவில் பையன் என்ன செய்தான் என்று ஒரு வரி உண்டா? கிடையாது. இவன் வயது வராதவன், இவனுக்கு நீதிமன்றத்தின் பாதுகாப்பு தேவை, இவன் நெறிதவறிய சிறுவன் என்று மட்டும் இருந்தது. அதன் நகலையும் பெற்றோருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு விசாரணையில்தான் அந்தக் காகிதத்தை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அந்த அறையில் பையன் என்ன சொன்னான்? நான் எண்ணைச் சுழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று அவன் சொன்னதாக அம்மாவுக்கு நினைவு. ஆபாசமாகப் பேசியதை ஒப்புக்கொண்டான் என்று அலுவலருக்கு நினைவு. ஏதோ ஒரு வாக்கியத்தைப் பேசியதாக ஒப்புக்கொண்டான் என்று நீதிபதிக்கு நினைவு. ஒரே அறை, ஒரே பையன், மூன்று நினைவு! எது உண்மை? எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்?

"யோசித்துச் சொல்கிறேன்" என்று நீதிபதி முடித்துக்கொண்டார். பையன் மறுபடியும் காப்பகத்துக்குப் போனான். சில நாள் கழித்து விட்டுவிட்டார்கள். எந்தக் காரணத்துக்காக வைத்திருந்தார்கள், எந்தக் காரணத்துக்காக விட்டார்கள், இரண்டுக்கும் விளக்கம் இல்லை. விட்ட தேதியாவது தெரியுமா? 11ஆம் தேதி என்கிறார் அலுவலர், 12ஆம் தேதி என்கிறார் அம்மா. பதிவு எதுவும் கிடையாது. அன்று மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் கைக்கு ஒரு காகிதம் வருகிறது. அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாள்கூட இல்லை, வெறும் வெள்ளைத்தாள். தேதியும் போடவில்லை. வருகிற திங்கட்கிழமை, ஜூன் 15, காலை 11 மணிக்கு அடுத்த விசாரணை என்று அதில் ஒரு குறிப்பு. ஒரு பையனின் வாழ்க்கையை நிர்ணயிக்கப்போகும் விசாரணைக்கு வந்த அழைப்பு அந்த ஒற்றைத் தாள்தான்.

திங்கட்கிழமை வந்தது. இந்த முறை அப்பாவும் வந்தார். கூட்டாளிப் பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். புகார் கொடுத்த அம்மாள் இந்த முறையும் வரவில்லை.

அப்போது ஜெரால்டின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். சட்டம் படித்தவர் இல்லை அவர். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பெற்ற வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. "புகார் கொடுத்தவரை வரச் சொல்லுங்கள். எந்தப் பையன் பேசினான் என்று அவர் சொல்லட்டும்" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியுமா?

நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? அவர் வரத் தேவையில்லை என்றார். அந்த நீதிபதி புகார் கொடுத்தவரிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நன்னடத்தை அலுவலரும் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தார். அதுவும் எதில்? தொலைபேசியில்!

தீர்ப்பு வந்தது. ஜெரால்டு நெறிதவறிய சிறுவன். அவனை மாநிலத் தொழிற்பள்ளிக்கு அனுப்ப உத்தரவு. தொழிற்பள்ளி என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அடைத்து வைக்கிற இடம்தான் அது. எவ்வளவு காலத்துக்கு? இடையில் முறைப்படி விடுவிக்கப்பட்டால் ஒழிய, அவனுக்கு 21 வயது ஆகும் வரைக்கும். பையனுக்கு வயது 15. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு ஆண்டு வரை!

அன்பர்களே, இதே குற்றத்தை ஒரு பெரிய ஆள் செய்திருந்தால் அரிசோனா சட்டப்படி என்ன தண்டனை? 5 டாலரிலிருந்து 50 டாலர் வரை அபராதம். இல்லையென்றால், அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. வளர்ந்தவனுக்கு இரண்டு மாதம், வளராதவனுக்கு ஆறு வருடம். பெரியவனாக இருந்தால் வழக்கறிஞர் வைத்துக்கொண்டிருக்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்திருக்கலாம், மேல்முறையீடு போயிருக்கலாம். சிறுவனாக இருந்ததால் இவை எதுவும் இல்லை. சிறார் வழக்கில் மேல்முறையீட்டுக்கே அந்த மாநிலச் சட்டத்தில் அப்போது இடம் இல்லை.

எப்படி இப்படி ஒரு சட்டம் வந்தது? கொடியவர்கள் எழுதினார்களா? இல்லை. இங்கேதான் நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். இதை எழுதியவர்கள் நல்லவர்கள். 19ஆம் நூற்றாண்டில் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கொலைகாரர்களோடும் கொள்ளைக்காரர்களோடும் ஒரே சிறையில் போட்டார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காத சீர்திருத்தவாதிகள் பாடுபட்டு, 1899இல் இல்லினாய் மாநிலத்தில், சிக்காகோ நகரில் உலகம் கவனித்த முதல் சிறார் நீதிமன்றத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய எண்ணம் என்ன? குழந்தை குற்றவாளி அல்ல. வழிகாட்டல் தேவைப்படும் பிள்ளை. நீதிபதி அவனுக்குத் தகப்பன் மாதிரி. தகப்பன் பிள்ளையை விசாரிக்கும்போது வக்கீல் எதற்கு, சாட்சி எதற்கு, சத்தியப் பிரமாணம் எதற்கு? இதுதான் அவர்கள் வாதம்.

கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால், தகப்பன் தன் பிள்ளையைப் பூட்டிவைத்து ஆறு வருடம் கழித்து வா என்று சொல்வானா? அரசு தகப்பன் வேடம் போட்டுக்கொண்டது, கையில் மட்டும் சிறைச்சாவியை வைத்துக்கொண்டது. "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒருவரிடமிருந்து அவருடைய உரிமைகளை எல்லாம் பறித்துவிடலாம். எதிர்த்துக் கேட்டால், "நல்லதுக்குத்தானே செய்கிறோம்" என்று வாயை அடைத்துவிடலாம். கெட்ட எண்ணத்தோடு செய்யும் கொடுமையை எதிர்க்க ஆள் வருவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யும் கொடுமையை எதிர்க்க யார் வருவார்கள்?

ஒருவர் வந்தார். அமிலியா லூயிஸ் என்ற பெண் வழக்கறிஞர். மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்பதால் ஆட்கொணர்வு மனுவைக் கையில் எடுத்தார். 1964 ஆகஸ்ட் 3ஆம் தேதி மனுத் தாக்கல் ஆனது. 17ஆம் தேதி விசாரணைக்கு வந்தபோது, தீர்ப்பளித்த நீதிபதியே சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எந்தச் சட்டப் பிரிவில் அந்தப் பையன் குற்றவாளி? நீதிபதியிடம் உறுதியான பதில் இல்லை. பெண்கள் காதில் விழும்படி ஆபாசம் பேசிய குற்றம் என்றார். ஒழுக்கக்கேடான விஷயங்களில் வழக்கமாக ஈடுபடுபவன் என்றார். வழக்கமாக என்றால் எப்படி? இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையனிடமிருந்து பேஸ்பால் கையுறையைத் திருடியதாக ஒரு தகவல் வந்ததாம். அதை விசாரித்தார்களா? இல்லை. ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டார்களாம். ஆதாரம் போதாது என்று விட்ட ஒன்றை, ஆறு வருடத் தண்டனைக்கு ஆதாரமாகச் சொன்னார்கள்! முன்பும் விளையாட்டாகச் சில தொலைபேசி அழைப்புகள் செய்ததாகப் பையனே ஒப்புக்கொண்டிருந்தான், அதுவும் ஒரு காரணம். இன்னொரு பையன் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து பணப்பையைத் திருடியபோது இவன் கூட இருந்தான் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள், அதுவும் ஒரு காரணம்.

பாருங்கள், ஒரு குறும்புக்காரப் பையனுக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டால் என்ன ஆகிறது என்று. வகுப்பில் கண்ணாடி உடைந்தால் முதலில் யாரை எழுப்பி நிறுத்துகிறோம்? எப்போதும் வாலாட்டுகிற பையனைத்தானே? "இவன்தான் சார் செய்திருப்பான்" என்று சொல்ல நாலு பேர் தயாராக இருப்பார்கள். செய்ததற்காக அடி வாங்குகிற பிள்ளைகள் உண்டு. செய்திருப்பான் என்பதற்காக அடி வாங்குகிற பிள்ளைகள் அதைவிட அதிகம்.

கீழமை நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சரி என்றது. பெற்றோர் விட்டுவிடவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1966 டிசம்பர் 6ஆம் தேதி வாதம் நடந்தது. 1967 மே 15ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏப் ஃபோர்டாஸ். இவர் யார்? வசதியில்லாத காரணத்தால் வழக்கறிஞர் இல்லாமல் தண்டிக்கப்பட்ட கிடியன் என்ற ஏழைக் கைதிக்காக வாதாடி, 1963இல் வென்றவர். வளர்ந்தவர்களுக்கு அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவர், நான்கு வருடம் கழித்து நீதிபதி இருக்கையில் உட்கார்ந்து குழந்தைகளுக்கும் அந்த உரிமை உண்டு என்று எழுதினார். சிறுவனாக இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைக் கட்டப்பஞ்சாயத்து மாதிரி விசாரித்துத் தண்டிக்க அரசியல் சாசனம் இடம் கொடுக்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நான்கு உரிமைகளை அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. ஒவ்வொன்றையும் ஜெரால்டின் கதையோடு பொருத்திப் பாருங்கள்.

முதல் உரிமை: என்ன குற்றச்சாட்டு என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். ஜெரால்டின் பெற்றோருக்குக் கிடைத்தது தேதி போடாத ஒரு வெள்ளைத்தாள்.

இரண்டாவது உரிமை: வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசே ஏற்பாடு செய்யும் என்று சொல்ல வேண்டும். ஜெரால்டின் பெற்றோருக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது உரிமை: புகார் சொல்பவரை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ஜெரால்டின் அம்மா கேட்டார். தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காவது உரிமை: தன்மீதே குற்றம் சாட்டிக்கொள்ளும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஜெரால்டைப் பெரியவர்கள் சூழ்ந்திருந்து கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை உனக்கு உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பின் கவலையையும் நான் சொல்லியாக வேண்டும். நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. சிறார் நீதிமன்றத்தைப் பெரியவர்களின் குற்றவியல் நீதிமன்றம் மாதிரி ஆக்கிவிட்டால், பழைய கொடுமை திரும்பிவிடும் என்று அஞ்சினார். 19ஆம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் 12 வயதுப் பையன் ஒருவனை எல்லாச் சட்டச் சடங்குகளோடும் விசாரித்துத் தூக்கில் போட்டார்கள் என்பதை நினைவூட்டினார். அந்தக் கவலை உண்மையானது. முறை மட்டும் போதாது, கருணையும் வேண்டும். ஆனால், கருணை மட்டும் போதும் என்று இருந்ததன் விளைவைத்தான் குளோப் ஊரில் பார்த்தோமே! இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். விசாரிப்பதில் கண்டிப்பு வேண்டும், தண்டிப்பதில் கனிவு வேண்டும். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டு கழிந்து, 2007. பென்சில்வேனியா மாநிலத்தில் லுசெர்ன் மாவட்டம். நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி. அதற்கு முன் எந்த வம்புக்கும் போகாதவள். தன் பள்ளியின் துணைத் தலைமையாசிரியரைக் கேலி செய்து மைஸ்பேஸ் தளத்தில் ஒரு பக்கம் தயாரித்தாள். வேடிக்கைக்காகச் செய்தது என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதியும் வைத்தாள். தொலைபேசி போய் இணையம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் சேட்டை மட்டும் மாறவில்லை.

நீதிபதி மார்க் சியவரெல்லா முன்னால் அவளை நிறுத்தினார்கள். கண்டித்து அனுப்பிவிடுவார் என்றுதான் தாயும் மகளும் நினைத்திருந்தார்கள். விசாரணை முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் சிறார் காப்பகம்! அங்கேயே விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை 1967லிருந்தே இருக்கிறதே, அது எங்கே போனது? வழக்கறிஞர் வேண்டாம் என்று ஒரு படிவத்தில் அவளுடைய தாயிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உரிமை சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. பிள்ளை காப்பகத்தில் இருந்தாள்.

அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. பிலடெல்பியாவில் இருந்த சிறார் சட்ட மையத்தை அணுகினார். துருவத் துருவப் பூதம் வெளிவந்தது. அந்த மாவட்டத்து நீதிபதிகள் இருவர், தனியார் சிறார் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து இரகசியமாகப் பெரும் பணம் பெற்றிருந்தார்கள். 2009இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வழக்குகளில் சியவரெல்லா அளித்த தீர்ப்புகளை ரத்து செய்தது. 2011இல் அவருக்கு 28 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இன்னொரு நீதிபதி மைக்கேல் கொனஹன் 17 ஆண்டுக்கு மேல் தண்டனை பெற்றார்.

குளோப் ஊர் நீதிபதிக்குப் பணத்தாசை இல்லை. லுசெர்ன் நீதிபதிக்கு இருந்தது. ஆனால், இரண்டு இடத்திலும் கதவு ஒன்றுதான்: பிள்ளையின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஆள் இல்லை. அந்தக் கதவு திறந்திருந்தால் நல்லெண்ணம் கொண்டவரின் அவசரமும் நுழையும், கெட்ட எண்ணம் கொண்டவரின் பேராசையும் நுழையும்.

அன்பர்களே, கடல் கடந்த கதை போதும். நம் ஊருக்கு வருவோம்.

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் எங்கே வந்தது தெரியுமா? நம் சென்னை மாகாணத்தில். 1920இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம்தான் முன்னோடி. வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனை மன்னிக்காத காப்பியம் நம்முடையது. முறையான விசாரணை என்பது நமக்கு யாரோ புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை.

இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அது என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 18 வயது நிறையாத பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறையிலும் வைக்கக் கூடாது. பிடித்த செய்தியை உடனே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கச் செய்வது அந்தக் குழுமத்தின் கடமை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியின் பெயரையோ பத்திரிகையில் போடக் கூடாது. இல்லத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி முடிவு. அதுவும் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் வைக்க முடியாது.

"அப்படியானால் தப்புச் செய்தவனைக் கண்டிக்கவே வேண்டாமா? அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். கண்டிக்க வேண்டும். நிச்சயம் கண்டிக்க வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கும் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. விசாரித்து, அறிவுரை சொல்லி, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆற்றுப்படுத்தல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். இத்தனை படிகளைத் தாண்டிய பிறகுதான் சிறப்பு இல்லம்.

ஜெரால்டை என்ன செய்திருக்கலாம்? அப்பாவும் அம்மாவும் அவனைக் கையைப் பிடித்து அந்த அம்மாளின் வீட்டு வாசலுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். "நீ பேசிய பேச்சு இவரை எப்படிப் புண்படுத்தியது என்று இவர் வாயாலேயே கேள்" என்று நிறுத்தியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். அந்த அம்மாளுக்கும் அதுதான் ஆறுதலாக இருந்திருக்கும். ஆறு வருடத் தீர்ப்பில் அவருக்கு என்ன கிடைத்தது? அவர் சொல்ல வந்ததைக்கூட யாரும் கேட்கவில்லையே! முறையில்லாத விசாரணை குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையை மட்டும் வஞ்சிக்கவில்லை. புகார் சொன்னவரையும் சேர்த்தே வஞ்சித்தது.

அந்த ஜெரால்டு பிற்காலத்தில் என்ன ஆனார் தெரியுமா? அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து நெடுங்காலம் பணியாற்றினார். நெறிதவறியவன் என்று முத்திரை குத்தப்பட்ட பையன், நாட்டுக்காகச் சீருடை அணிந்தார். 15 வயதில் ஒரு பிள்ளை செய்த சேட்டையை வைத்து அவன் முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுத எவருக்கும் தகுதி இல்லை.

நிறைவாக உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பள்ளிக்குள் தீர்க்கக்கூடிய சேட்டையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கழிப்பறைச் சுவரில் கிறுக்கியவனையும், ஆசிரியரின் படத்தைக் கேலியாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பியவனையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவன் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பிறகு கண்டியுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது கண்டிப்பு ஆகாது, கைகழுவுதல்.

காவல் துறை அன்பர்களே, உங்கள் நிலையத்தில் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். பிள்ளையை அவரிடம் ஒப்படையுங்கள். பெற்றோருக்குச் சொல்லும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மீது புகார் வந்தால் ஊருக்குப் பயந்து அவனை அங்கேயே நாலு அடி அடித்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். குழந்தைகளுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, குறும்பு செய்யாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? செய்யுங்கள். ஆனால், உங்கள் சிரிப்புக்காக இன்னொருவரை அழவைக்காதீர்கள். செய்துவிட்டால் ஒளியாதீர்கள், நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். செய்யாததை மட்டும் பயந்துபோய் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு பிள்ளை குற்றம் சாட்டப்பட்டு நிற்கும்போது, "அவன் என்ன செய்தான், எப்படித் தெரியும், யார் பார்த்தது?" என்று கேட்க அவன் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றாக வேண்டும். உங்கள் பிள்ளையாக இருந்தாலும் சரி, அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, அந்தப் பெரியவராக நீங்கள் நில்லுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.